செகண்ட் ஷிப்ட் சங்கு

"பொற்கொடி! இந்த டேப்லெட்ல ஏழாம் பெட்டுக்கு என்ன கலர் தெரியுது? வாயைத் திறந்து சொல்லு!"

மேட்ரன் சத்யப்பிரியா போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

"பச்சை, மேடம்."

"பச்சைன்னா?"

"விழ மாட்டாங்கன்னு அர்த்தம், மேடம்."

"அப்புறம் எதுக்கு தினம் ரெண்டு மணி ஆனா அங்க போய் ஸ்டூலைப் போட்டுக்கிட்டு உக்கார்ற? ஏஐயை விட உனக்கு ரொம்பத் தெரியுமோ?"

நெய்வேலி டவுன்ஷிப் ஓரத்தில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஏஐ வந்து இரண்டு மாசம்தான். நர்ஸுகள் பதிவதைப் படித்துப் பார்த்து, எந்த நோயாளி கட்டிலிலிருந்து விழுவார் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். மேட்ரனுக்கு அது சொன்னால் சொன்னதுதான்.

நர்ஸ் பொற்கொடிக்கோ அடுத்த வாரம் வேலை பர்மனென்ட் ஆகணும். மேட்ரன் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு.

அந்த நேரம் பார்த்து, சுரங்கத்தின் ரெண்டு மணி ஷிப்ட் சங்கு ஊதியது.

ஏழாம் பெட் ராயப்பன், ரிட்டயர்டு மைன்ஸ்காரர், தூக்கத்திலிருந்து விருட்டென்று எழுந்தார். கால் தரையில் ஊன்றுவதற்குள் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பொற்கொடி ஒரே ஓட்டமாக ஓடி அவரைத் தாங்கிக்கொண்டாள்.

"என் பூட்ஸ் எங்கம்மா? செகண்ட் ஷிப்ட் பஸ்ஸு பூடும்!"

"பெரியப்பா, இன்னிக்கு உங்களுக்கு வீக்லி ஆஃப். மறந்துட்டீங்களா?"

"அட, ஆமாவா?" பொக்கை வாய் நிறையச் சிரித்துவிட்டு, சமர்த்தாகப் படுத்துக்கொண்டார்.

மேட்ரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தினம் இதே கதைதானா? ஏன் பதியல? மெஷின் மேல அவ்வளவு அவநம்பிக்கையா?"

"ஐயோ, ரொம்ப நம்பறேன் மேடம்! பதிஞ்சா உடனே சிவப்பு காட்டிடும். சிவப்பு வந்தா கட்டிலோட பெல்ட் போட்டுக் கட்டணும்னு நம்ம ரூல். முப்பத்தஞ்சு வருஷம் சங்கு ஊதினதும் வேலைக்கு ஓடின மனுஷன். அவரைக் கட்டிப்போட மனசு வரல. அதான் நானே வந்து உக்காந்துகினு இருக்கேன்."

"நீ ஆஃப் போற அன்னைக்கு?"

"பதினோரு நாளா ஆஃபே எடுக்கல, மேடம்."

மேட்ரன் டியூட்டி லிஸ்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"தெரிஞ்சதை மறைச்சது தப்பு. நாளைக்கு நீ வேலைக்கு வர வேணாம். போ!"

போச்சு. பர்மனென்டும் போச்சு. மந்தாரக்குப்பம் போய்ச் சேருகிற வரைக்கும் பஸ்ஸிலேயே அழுதாள்.

மறுநாள் மதியம் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரெண்டு மணிக்குப் பெரியப்பாவை யார் பிடிப்பார்கள்? போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

வார்டு வாசல் மேஜையில் டேப்லெட். ஏழாம் பெட் சிவப்பு! பகீரென்றது. பக்கத்தில் மேட்ரன் பதிந்திருந்தாள்: 'பெல்ட் கூடாது. சங்கு ஊதும்போது பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.'

உள்ளே எட்டிப் பார்த்தாள். சங்கு ஊதியது. ஏழாம் பெட் ஸ்டூலில் இருந்து எழுந்த மேட்ரன், ராயப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அண்ணே, இன்னிக்கு உங்களுக்கும் ஆஃப், பொற்கொடிக்கும் ஆஃப்!"