பழைய சாமான்

பழைய லொறி வாங்கிய நாளிலிருந்து தியாகராசாவின் உழைப்பெல்லாம் கொட்டாஞ்சேனைக் கராஜுக்கே போனது. மெக்கானிக் ஸாலிஹ் நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரம், எஞ்சின் மாற்றியாயிற்று என்று நினைத்து லொறியைத் துறைமுகத்துக்கு எடுத்துப்போனார். ஆமி செக்பொயின்ரில் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தியபின் ஸ்டார்ட் வரவில்லை. குண்டு லொறி என்று சந்தேகப்பட்டு அவரை வெயிலில் முழங்காலில் இருத்தினார்கள். பின்னேரம்தான் லொறி மறுபடி உறுமியது.

நேரே கராஜுக்குள் பாய்ந்தார்.

“என்னைக் கொல்லப் பாத்தனீரோ, நானா? இவ்வளவு சல்லி வாங்கி என்னத்தை மாத்தினனீர்? கழட்டின பழைய சாமானைக் காட்டும்!”

ஸாலிஹ் தரையைக் காட்டினார். லொறியின் பழைய எஞ்சின் முழுதாகக் கிடந்தது.

“நேத்தே கழட்டின, மொதலாளி. புதுசு இன்னம் வரல்ல. லொறிய யாரு இழுத்துட்டுப் போன எண்டுதான் தேடினேன்.”

“பொய்!” என்று கத்தினார் தியாகராசா.

சாவி அவர் கைக்குள் இருந்தது. வெளியே லொறி உறுமத் தொடங்கியது.