வட்டைக்காரன்

“ஓடுங்கடா, முகத்துவாரம் வெட்டிட்டாங்க.”

சீனித்தம்பி பாயோடு எழும்பினான். சாரம் அவிழ்ந்து காலில் சிக்கியது. அதை உதறி எறிந்துவிட்டு மார்கழி மழையில் மேட்டைப் பார்த்து ஓடினான்.

மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தான். தண்ணீர் வரவில்லை. ஒன்பது சாரணப் பொடியன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவனுடைய சாரம் அணித் தலைவன் நல்லரத்தினத்தின் தலையில் தலைப்பாகையாக இருந்தது.

அது 1937ஆம் ஆண்டு, பள்ளிக்கூட முகாமின் முதல் விடியல்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த மணல்திட்டில் கூடாரம் அடித்தபோதே சீனித்தம்பி சொல்லியிருந்தான். “இதில வேணாம் சேர். மாரியில வாவி நிரம்பினா எங்கட வட்டை, வயல் முழுக்கத் தண்ணியில தாழ்ந்திரும். வயல்காரர் வந்து இந்தத் திட்டத்தான் வெட்டி, தண்ணியக் கடலுக்கு விடுவாங்க. கொஞ்சம் வெட்டினாப் போதும். மிச்சத்தத் தண்ணியே அறுத்துக்கொண்டு போயிரும்.”

போன மாரியில் அவன் பெரியப்பா அப்படி வெட்டிய வாய்க்காலோடு கடலுக்கு அள்ளுண்டு போனவர். அதையும் சொன்னான்.

மாஸ்டர் சிரித்தார். “வட்டைக்காரனுக்குத் தண்ணியக் கண்டா வயித்தக் கலக்குது.” பெயர் ஒட்டிக்கொண்டது. மாஸ்டரோ அன்று பின்னேரமே காய்ச்சல் என்று மேட்டிலிருந்த மடத்தில் படுக்கப் போய்விட்டார்.

நல்லரத்தினம் அதை ஒரு விளையாட்டாக்கினான். ஆளுக்கொரு முறை. சீனித்தம்பியை ஓடவைப்பவனுக்குச் சீனித்தம்பியின் பங்குச் சோறு. பொய் என்று தெரிந்தும் சீனித்தம்பியின் கால்கள் கேட்கவில்லை. இரண்டு நாளில் ஆறு தடவை ஓடினான். இரண்டு நாளும் தேங்காய்த் துண்டோடு கிடந்தான்.

மூன்றாம் நாள் மஜீட்டின் முறை. காத்தான்குடிப் பொடியன், எல்லோரிலும் சின்னவன். “முகத்துவாரம் வெட்டி...” என்றதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீனித்தம்பி அசையவில்லை.

நல்லரத்தினம் மஜீட்டின் பிடரியில் ஒன்று வைத்தான். “சிரிச்சுக்கொண்டு சொன்னா எவன்டா நம்புவான்?”

அன்று மட்டும் சீனித்தம்பி தன் சோற்றைத் தானே தின்றான்.

நாலாம் நாள் விடிய, தண்ணீர் அள்ள மேட்டுக் கிணற்றுக்குப் போனான். தூறலில் பதினைந்து பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். முன்னால் வட்டை விதானையார். அந்தப் பகுதி வயலுக்கெல்லாம் பொறுப்பானவர்.

“ஆரு, சின்னத்தங்கத்திட மகனா? இஞ்ச என்ன செய்றாய்?”

“பள்ளிக்கூட முகாம்.” தாழம்புதருக்கு அப்பால், கிணற்றடியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்தைக் காட்டினான். “அங்கதான் கூடாரம்.”

விதானையார் தலையில் கைவைத்தார். “ராத்திரி தண்ணி இடுப்பளவு ஏறிட்டு மனே. பயிர் முழுக்கத் தாழுது. இனிப் பொறுக்க ஏலா. ஓடு, எல்லாரையும் எழுப்பி மேட்டுக்கு வரச்சொல்லு. நீ சொல்லிப்போட்டு வந்தாத்தான் மண்ணில கைவைப்பம்.”

சீனித்தம்பி போனான். கொஞ்ச நேரத்தில் பாயும் துணிமூட்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

“சொல்லிட்டியா?”

“ஓம்.”

“எழும்பிட்டாங்களா?”

“ஓம். எல்லாரும் எழும்பிட்டாங்க.”

வெட்டி முடிய ஒரு மணித்தியாலம் பிடிக்கும், அதற்குள் பொடியன்கள் வந்துவிடுவார்கள் என்பது விதானையாரின் கணக்கு. மண்வெட்டிகள் இறங்கின. ஆனால் வாவி அவ்வளவு நேரம் பொறுக்கவில்லை. பாதி வெட்டும்போதே திட்டு நெளிந்து, பிளந்து, கடலுக்குள் சரிந்தது. வெட்டியவர்களே மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடித்தான் தப்பினார்கள்.

தாழம்புதரும் போனது. அதற்கு அப்பால் இருந்ததும் போனது.

மாஸ்டர் காய்ச்சலோடு ஓடிவந்தார். கூடாரம் இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் சுழித்தது. சீனித்தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினார். “நீ அவங்களுக்குச் சொல்லல்லையா?”

“சொன்னன் சேர்.”

“நான்தான் அனுப்பினன் ஐயா,” என்றார் விதானையார். “பொடியன் போய்ச் சொல்லிப்போட்டுத்தான் வந்தவன்.”

“பிறகு ஏன் ஒருத்தனும் வரல்ல?”

“நம்பல்ல சேர்.”

மாஸ்டர் கையை எடுத்தார். ஏன் நம்பவில்லை என்று அவர் கேட்கவில்லை. அவன் இரண்டு நாளாக ஓடியதையெல்லாம் மடத்து விறாந்தையிலிருந்து பார்த்தவர் அவர்.

வயல்காரர் ஒருவர் தன் போர்வையைக் கழற்றி அவனுக்குப் போர்த்தினார். “பாவம். இவன்ட சொல்லக் கேட்டிருந்தா அவ்வளவு பேரும் இருந்திருப்பாங்க.” இன்னொருவர் சுடச்சுடக் கோப்பி கொண்டுவந்து கொடுத்தார். முகாமுக்கு வந்ததிலிருந்து அப்போதுதான் சீனித்தம்பிக்குக் குளிர் விட்டது.

மத்தியானம் ஒரு தோணி கரைதட்டியது. வெறும் மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கட்டிப்பிடித்தபடி கடலில் மிதந்த மஜீட்டைத் தூக்கி வந்திருந்தார்கள். அவனை மட்டும்தான்.

சீனித்தம்பி போர்வையை இழுத்து மூடிக்கொண்டு விதானையாரின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தான்.

மாஸ்டர் மணலில் முழங்காலிட்டார். “மஜீட், இவன் விடிய வந்து உங்களுக்குச் சொன்னவனா?”

நீலம் பாய்ந்த உதடுகள் அசைய நேரம் பிடித்தது. மஜீட்டின் கண் ஒவ்வொரு முகமாகத் தேடி, போர்வைக்குள் இருந்த முகத்தில் வந்து நின்றது.

“சொன்னவன் சேர். சிரிச்சுக்கொண்டு சொன்னவன்.”