மழையில் தெளியும் எழுத்து

அரியலூர்ப் பக்கத்து அரசு அலுவலகத்தில் மழைநீர் சுவரில் வழிகிறது. நிர்வாகப் பயிற்சியைக் கரைத்துக் குடித்து வந்த அதிகாரி அறிவரசன், போன வாரம் அதில் எழுதவைத்த ‘மக்களும் நிர்வாகிகளே’ என்ற வாசகம் கரைகிறது. அதனடியில், முந்தைய அதிகாரியின் ‘வாடிக்கையாளரே எஜமானர்’ தெரிந்து, அதுவும் கரைகிறது. எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து, யார் காலத்ததோ, ‘கூப்பிட்டால் மட்டும் உள்ளே வா’ கறுப்பாக எழுந்து வருகிறது. விதவை உதவித்தொகை மனுவில் கையெழுத்து வாங்க வந்த மலர்கொடி, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நிற்கிறாள். “உள்ள வாங்கம்மா, இது உங்க ஆபீஸு!” “நீங்க கூப்புடுறீங்க சார். செவுரு கூப்புடலயே.” அறிவரசன் சிரிக்கப் பார்க்கிறார், கண் சுவருக்குப் போகிறது. எழுந்து வந்து, வாசலிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். அவள் மனுவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மழையில் இறங்குகிறாள். திரும்பி உள்ளே கால் வைக்கப்போனவர், யாரும் சொல்லாமலே, தன் செருப்பைக் கழற்றுகிறார்.