சத்தமில்லாத ஃபேன்

"கம்ப்யூட்டருக்கு ஃபேன் வேணும். சத்தமே வரக்கூடாது. அடுப்படியில இருக்கற என் பொண்டாட்டி காதுல விழவே கூடாது."

எங்கள் ஊர் நூகுஸ் பஜாரில் இருக்கும் என் கடைக்குள் வந்து கணக்கு வாத்தியார் சார்சென்பாய் இப்படிக் கேட்டதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஐம்பத்தெட்டு வயசில் பொண்டாட்டிக்குத் தெரியாமல் கம்ப்யூட்டர் கேம் விளையாடுகிறார் மனுஷன்!

பழைய ஃபேனைக் கழற்றியே கொண்டு வந்திருந்தார். கேம் ஆரம்பித்தால் மாவு மில் மாதிரி இரைகிறதாம். அப்படியும் சூடு தாங்காமல் இருபது நிமிஷத்தில் கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறதாம்.

சிரிப்பு போனதும் எரிச்சல்தான் வந்தது. இவர் கதை ஊருக்கே தெரியும். எங்கள் பக்கத்தில் கடைசி மகன்தான் அப்பா அம்மாவோடு வீட்டில் தங்க வேண்டும். இவருடைய கடைசி மகன் போன வருஷம் கட்டட வேலைக்கென்று கொரியாவுக்குப் போய்விட்டான். சொந்தபந்தம் எல்லாரும் பார்க்க ரொட்டி மேல் கை வைத்து, இனி அவனோடு பேச்சில்லை, அவன் பேரே இந்த வீட்டில் கேட்கக்கூடாது என்று சத்தியம் பண்ணினார். பொண்டாட்டி கையையும் பிடித்து அந்த ரொட்டி மேல் வைத்தார். பெற்ற பிள்ளையைத் தலைமுழுகிவிட்டு இங்கே வந்து கேம் ஃபேன் கேட்கிறார் பாருங்கள்.

ஆனால் ஃபேன் என்று வந்துவிட்டால் எனக்கு வேறெதுவும் நினைவிருக்காது.

தூசி புகாமல் ஃபேன் முன்னால் ஏதாவது கட்டியிருக்கிறாரா என்று கேட்டேன். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, கோட்டுப் பையிலிருந்து பெண்கள் போடும் மெல்லிய காலுறை ஒன்றை உருவினார். எங்கள் ஊர் உப்புப் புழுதிக்கு எல்லார் கம்ப்யூட்டரிலும் இதுதான் வலை. இருந்தாலும் ஒரு வாத்தியார் பையிலிருந்து வரும்போது பக்கத்துக் கடிகாரக் கடைக்காரன் விடுவானா? அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அதான் விஷயமே, வாத்தியாரய்யா. பெட்டியில எவ்வளவு காத்துன்னு போட்டிருக்கறது, முன்னாடி எதுவும் மறைக்காம இருந்தாத்தான். காலுறை வழியா இழுக்கணும்னா ஃபேனுக்கு அழுத்தம் வேணும்" என்றேன்.

மூன்று ஃபேன்களை எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் அதே காலுறையை மாட்டி, பின்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தேன். பெட்டியில் ரொம்பப் பெரிய காற்றளவு போட்டிருந்த முதல் ஃபேனில் காகிதம் அசையவே இல்லை. இரண்டாவதில் பறந்தது, ஆனால் தெருவுக்கே கேட்டது.

மூன்றாவது, அகல இறக்கைகள் நெருக்கமாக இருந்த ஃபேன். காகிதம் விறைத்து நின்றது!

வாத்தியார் கடையில் இருந்த எல்லாரையும் வாயை மூடச் சொன்னார். ஃபேன் மேல் காதை வைத்தார். கடிகாரக் கடைக்காரன்கூட மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்து வாத்தியார் முகமெல்லாம் பல்லாக நிமிர்ந்தார். எனக்கு என்னவோ நானே அதைச் செய்த மாதிரி பெருமை. மூன்று மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

மூன்று நாள் கழித்து அவர் மனைவி பீபிசாதா வந்தாள். ஒற்றைக் காலுறையை மேஜை மேல் போட்டாள்.

"இதோட ஜோடி இங்கதான் வந்துச்சாமே?"

சரிதான், இன்றைக்கு நாம் தொலைந்தோம் என்று நினைத்தேன். அவளோ சண்டை போடவில்லை. நான் கொடுத்த ஃபேனில் ஏதோ குறை என்று வாத்தியாரிடம் சொல்லித் திருப்பி வாங்கிக்கொண்டு, நன்றாக இரையும் ஃபேனாகப் பார்த்துக் கொடுக்க வேண்டுமாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் நல்ல சரக்கை நான் கெட்டது என்று சொன்னதில்லை. அதுவும் எதற்கு? புருஷன் என்ன பண்ணுகிறான் என்று வேவு பார்ப்பதற்கு.

"அக்கா, அவரு ஒரு மணி நேரம் விளையாடினா என்ன குடியா முழுகிடும்? அதுக்குப் போய் காவல் காக்கணுமா?" என்று கேட்டே விட்டேன்.

அவள் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். முக்காலியில் உட்கார்ந்தாள்.

"சத்தியம் வீட்டுக்குத்தானே, கடையில பேரைச் சொல்லலாமில்ல? என் கடைசிப் பையன் குவாத் சின்ன வயசுல ஒரு நாய் வளர்த்தான். அக்தோஸ்னு பேரு. ஒரு நாள் இவருக்கு டீ கொண்டு போனப்ப திரையைப் பார்த்துட்டேன். கேம்ல இவரு பக்கத்துல நின்னு, நெட் வழியா எங்கிருந்தோ விளையாடற ஆளுக்கு அக்தோஸ்னு பேரு போட்டிருந்துச்சு."

நான் இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"தினம் மூணு மணிக்கு. அப்பத்தான் கொரியாவுல அவனுக்கு வேலை முடியும். பேச மாட்டாரு, எழுத மாட்டாரு, சும்மா கூட விளையாடுவாரு. யாருன்னு அவனுக்குத் தெரியுமோ என்னவோ. அவன் வரலைன்னா இவரும் மூடி வச்சிட்டு எந்திரிச்சிடுவாரு."

வாத்தியாரிடம் நேராகவே கேட்டுவிடலாமே என்றேன். தனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்தால் வெட்கத்தில் அதையும் நிறுத்திவிடுவார் என்றாள்.

"ரொட்டி மேல நானும்தான் கை வச்சேன். நானும் அவன்கிட்ட பேச முடியாது. அடுப்படியில நின்னு காதைத் தீட்டிக்கிட்டு இருப்பேன் தம்பி. அந்த ஃபேன் இரைஞ்சாத்தான், என் புள்ள இன்னிக்கும் கட்டடச் சாரத்துலேருந்து பத்திரமா இறங்கி வந்துட்டான்னு எனக்குத் தெரியும். மூணு நாளா எனக்கு ஒண்ணுமே கேக்கல."