முகூர்த்த ஜாக்கெட்

கைகளைத் தூக்கிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். அக்குளுக்குக் கீழே ஜாக்கெட் தொளதொளவென்று கிடந்தது.

போன மாதம்தான் அளவெடுத்துத் தைத்தது.

தையல்கார ஸ்டெல்லா அக்கா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு பக்கத் தையலைப் பிடிக்கப் பிடிக்க, அவள் தன் இடுப்பை ஆசை தீரப் பார்த்தாள்.

நடையாய் நடந்தும் இளைக்காத உடம்பு. சோற்றைத் தள்ளி வைத்தும் இளைக்காத உடம்பு. நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் அத்தை, பெண் கொஞ்சம் பூசினாற்போல் என்று இழுத்தது இன்னும் காதில் கிடந்தது.

வழி அவள் கையிலேயே இருந்தது.

சர்க்கரை நோய்க்குச் சின்ன வயதிலிருந்து போட்டுவரும் இன்சுலின். விலங்கியல் டீச்சர் ஆயிற்றே, பாடமே எடுத்திருக்கிறாள். கொழுப்புச் செல்லின் வாசலில் இன்சுலின்தான் காவல். அது நிற்கும்வரை உள்ளே இருக்கும் கொழுப்பு லேசில் கரையாது.

காவலை எடுத்துவிட்டால்?

எடுத்துவிட்டாள்.

முதலில் பாதி மருந்து. பிறகு நினைத்தால் மட்டும். முந்தாநாளிலிருந்து ஊசியைத் தொடவே இல்லை.

உடம்பு கரைந்தது. உடம்புக்கே டிமிக்கி கொடுத்துவிட்ட கர்வம் அவளுக்கு. தாகம் அடங்கவில்லைதான், வயிறும் குமட்டியது. கல்யாண அலைச்சல் என்று அம்மாவிடம் சொல்லி வைத்தாள். பார்க்கிறவர்கள் எல்லாம் அழகாகிவிட்டாய் என்றார்கள். அதற்கு மேல் என்ன வேண்டும்?

கழுத்தைச் சரிபார்க்க ஸ்டெல்லா அக்கா முன்பக்கம் வந்தாள். மூக்கை உறிஞ்சினாள். வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்தாள்.

"அன்னாசிப் பழம் தின்னுட்டா வாற? வாயில என்னா மணம் மணக்கு!"

நேற்று ராத்திரியிலிருந்து அவள் வயிற்றில் பச்சைத் தண்ணீர்தான்.

சிரிக்கப் போனவள் பாதியில் நிறுத்தினாள்.

அந்த மணம் என்னவென்று அவளுக்குத் தெரியும். கொழுப்பு கேட்பாரில்லாமல் கரைந்து கொட்டும்போது இரத்தம் அமிலமாகும். மூச்சில் பழவாசனை அடிக்கும். அடுத்து மயக்கம். அதற்கும் அடுத்தது உண்டு. பாடத்தின் கடைசிப் பத்தி அது. ஒவ்வொரு வருடமும் அதற்குள் மணி அடித்துவிடும், அவளும் வேகமாக வாசித்துவிட்டு வெளியே வந்துவிடுவாள்.

மாடி ஏறி வந்ததால்தான் மூச்சு வாங்குகிறது என்று நினைத்திருந்தாள். இன்னும் மூச்சு இரைத்தது.

பயம் வந்தது. நன்றாகவே வந்தது.

கைகளை இறக்கினாள். தம்பிக்குப் போன் போட்டாள். பைக் வேண்டாம், ஆட்டோ கொண்டு வா, நேரே ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றாள். குரல் நடுங்கவில்லை.

ஸ்டெல்லா அக்கா ஒன்றும் விளங்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

அவள் உட்கார்ந்தாள். அக்குளில் குத்தியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவி அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"பழைய அளவே இருக்கட்டும்க்கா. கல்யாணத்துக்கு நான் வரணும்லா."