ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை

“என்ன ராத்தா, மழைக்குள்ளயுமா?”

கடற்கரை மீன் வாடிக் கொட்டகையின் ஒழுகும் தகரத்துக்குக் கீழே, ஒரே குடைக்குள் ஒடுங்கி நின்றார்கள் சபூறாவும் கணவர் றஊபும். பார்த்ததும் சுஹறாவுக்கு நெஞ்சு கொதித்தது.

அடுத்த வீட்டுக்காரி அவள். ஒரு மாதமாகக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறாள். காலை ஆறு மணிக்கு இருவரும் வீட்டை விட்டு இறங்குவார்கள். சாய்ந்தமருதுக் கடற்கரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஏழு மணிக்குத்தான் திரும்புவார்கள்.

“டொக்டர் நடக்கச் சொன்னவர் புள்ள. சீனி கூடிட்டு” என்றாள் சபூறா.

“நடக்கச் சொன்னா நடக்கணும். நீங்க நிக்கிறீங்க.”

றஊப் கடலைப் பார்த்தார்.

“எனக்கு விளங்குது ராத்தா. நஸ்லினுக்குக் கலியாணம் முடிக்கக்குள்ள வீட்டை அவள்ட பேருக்கு எழுதிக் குடுத்தீங்க. ஊர் வழக்கம், சரி. மாப்பிள்ளை வந்து ஆறு மாசம் ஆகல்ல, வீட்டைக் கட்டினவங்களையே வெளிய நிக்க வெச்சிட்டாரு. ஒரு நாளாச்சும் எங்கட முகம் பாத்துக் கதைச்சிருக்காரா? இப்பவே போய் நான் ரெண்டு வார்த்தை கேக்கிறன்!”

சுஹறா விறுவிறுவென்று நடந்தாள். சபூறா குடையை விட்டுவிட்டு மழையில் ஓடி அவள் கையைப் பிடித்தாள்.

“போகாத புள்ள! அல்லாஹ்வுக்காகப் போகாத. ஏழு மணியாகட்டும்.”

“மருமகனுக்குப் பயமா?”

“ஓம். பயந்தான்.”

“வீட்டோட சேத்து முதுகெலும்பையும் எழுதிக் குடுத்திட்டீங்க போல!”

கையை உதறிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள் சுஹறா.

“அவளிட்டயாவது உள்ளதைச் சொல்லியிருக்கலாம்” என்றார் றஊப்.

“சொன்னா மருமகப் புள்ளைக்கு வெக்கம். சொல்லாட்டி நமக்கு வெக்கம். நம்மட வெக்கத்தை நாம தாங்குவம்.”

போன் அடித்தது. மகள் நஸ்லின்.

“உம்மா, வாங்க. இண்டைக்கு மருந்தில்லாமலே சரி!”

பிள்ளை பரீட்சையில் பாஸான நாளில் நடப்பதுபோல, தலை நிமிர்ந்து சுஹறாவின் வேலியைக் கடந்தாள் சபூறா.

வாசலில் மருமகன் றிம்சான், அவர்கள் தலை துவட்டத் துவாயோடு நின்றான். அவன் முகத்தில் பல நாளுக்குப் பிறகு ஒரு தெளிவு.

“மழைக்குள்ளயும் நடக்கணுமா மாமி?”

“அதுல என்ன மகன், ஒரு மணித்தியாலந்தானே.”

கலியாணமாகி வந்த நாள் முதல் றிம்சானுக்கு வயிறு இறுகிவிட்டது. இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஸ்கேனில் ஒன்றுமில்லை. உம்மா வீட்டுக்குப் போனால் மட்டும் சுகம்.

“கூச்சக்காரர். மாமியார் வீட்டில் ஒரே ஒரு கழிப்பறை, அதுவும் எல்லாரும் தேத்தண்ணி குடிக்கும் மேசைக்கு எதிரே. மாதக்கணக்காக மனம் இப்படி இறுகிக் கிடந்தால் குடலின் அசைவும் மந்தமாகிவிடும். காலையில் கொஞ்ச நேரம் வீடு ஆளில்லாமல் இருந்தால், மருந்தே தேவைப்படாது” என்று டொக்டர் நஸ்லினிடம் தனியாகச் சொன்னது ஒரு மாதத்துக்கு முன்பு.

சபூறாவுக்கும் றஊபுக்கும் சீனி வியாதி இந்த நாள் வரைக்கும் வந்ததே இல்லை.