நாலாவது மாடிப் பொம்மை

“ஏஞ்சல், நாலாவது மாடிக்கு நீ போ. பழைய பட்டுல ஒண்ணு எடுத்துட்டு வா.”

மேனேஜர் சுரேஷ்குமார் சொன்னதும் ஏஞ்சலின் வயிற்றுப் பிள்ளையே ஒரு தடவை புரண்டது. ஏழு மாசம்.

தி.நகரில் அந்தத் துணிக்கடையில் நின்றால்தான் வேலை. யாராவது உட்கார்ந்தது கேமராவில் தெரிந்தால் முதலாளி அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிடுவார். சாயங்காலத்துக்குள் ஏஞ்சலுக்குக் கால் ரெண்டும் தூணாக வீங்கிவிடும்.

“ஸார், அங்க அந்தப் பொம்மை கீது ஸார்...”

“ஃபிளெக்சிபிளா இருக்கணும்மா.”

எப்போதும் அந்த வார்த்தைதான் அவருக்கு. மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கா? ஃபிளெக்சிபிளா இரு. வார லீவு போச்சா? ஃபிளெக்சிபிளா இரு.

“அப்டின்னா இன்னாக்கா?” என்று பில் போடும் ஜெயஸ்ரீயை ஒருநாள் கேட்டாள்.

“வளைஞ்சு குடுக்கறது.”

“யாரு?”

“அந்தாளா வளைவான்? நாமதான்டி.”

இப்போது ஜெயஸ்ரீ பல்லைக் கடித்தாள். “புள்ளத்தாச்சிய அனுப்பறான் பாரு, பாவி! கை கால் மடங்குற பொம்மைதான். அதுக்காவ தானா மடங்குமா? நேத்து நின்னது, காலைல நாற்காலில உக்காந்துகினு இருந்துச்சாம். முதலாளியே மிரண்டு போய் அங்க கேமராவக் கழட்டச் சொல்ட்டாரு.”

போகாவிட்டால் வேலை போகும். ஏஞ்சல் லிஃப்டில் ஏறினாள்.

பட்டப்பகல்தான். மேலே கதவு திறந்தால் கருக்கல் மாதிரி இருட்டு, பாச்சை உருண்டை வாடை. எங்கேயோ சேலை ஒன்று சரசரத்தது.

பொம்மை எழுந்து நின்றுகொண்டிருந்தது.

மூக்கு உடைந்த முகம் அவளையே பார்த்தது. நாற்காலி காலி.

“மாதாவே!” திரும்பினாள். லிஃப்ட் அதற்குள் கீழே போய்விட்டது.

மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். பொம்மையின் ஒரு கை நீண்டிருந்தது. விரல் நாற்காலியைக் காட்டியது.

விலகப் போய்க் கால் இடறி, விழாமலிருக்க அந்த நாற்காலியையே பிடித்தாள். கையில் மெத்தென்று தட்டுப்பட்டது. புதுத் தலையணை. எதிரே கால் நீட்ட ஒரு முக்காலி. அதன் மேல் மூடி வைத்த மோர்.

கீழே படிக்கட்டில், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சுரேஷ்குமாரின் குரல்:

“மேல வராதீங்க முதலாளி! அது இப்போ எந்திரிச்சு நிக்கி, என் ரெண்டு கண்ணால பாத்துட்டு வாரேன்! ஒரு மணி நேரத்துக்கு யாரும் படியேறக் கூடாது!”